புதன்கிழமைப் படகு

கடைசி விருந்தாளிகளும் போய்விட்டார்கள்.
நாற்பத்தாறு துண்டுகள் கொடியில்
கருவாட்டு விறைப்போடு தொங்குகின்றன.
சோப்பு வாங்கிய ரசீதைத் திருப்பிப்போட்டு
காதிலிருந்து பென்சிலை எடுத்தான் ஸ்திராதிஸ்.
"சொல்லு ஆர்கிரோ, எங்கே போகலாம்?"

எங்கே என்று ஒரு கேள்வியா.
எதிர்த்தீவுக்குத்தான்.
இருபத்திரண்டு வருடமாக
துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி
நான் பார்த்துவருகிற தீவு.
ராத்திரியில் அதற்கு எட்டு விளக்கு.
எட்டும் எனக்குப் பழக்கம்;
அவற்றின் கீழே யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாது.
படகில் ஐம்பது நிமிடம்.

ரசீதின் முதுகில் திட்டம் வளர்ந்தது.
ஒன்பதுக்கு முன் எழுவதில்லை.
முட்டை எப்படி வேண்டும் என்று யாரையும் கேட்பதில்லை.
கேட்டால் நம்மை யாராவது கேட்கட்டும்.
"எனக்கு அரைவேக்காடு" என்றான்,
இத்தனை வருடமும்
மிஞ்சிய அவித்த முட்டையையே தின்றவன்.
சாவிக்கொத்து வேண்டாம்.
நீச்சலுடை இருக்கிறதா? இருக்கிறது,
அலமாரியின் அடியில், இடுப்பு ரப்பர் இற்றுப்போய்.
கடலுக்கு நூறு அடியில் குடியிருந்துகொண்டு
ஆறு கோடையாகக்
கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை நான்.

அப்புறம்?
அப்புறம் உட்காருவது.
"எதைப் பார்த்து?"
"கடலைப் பார்த்துத்தான்."
"அதையேவா?"
"அதன் முதுகைப் பார்த்திருக்கிறாயா நீ?"

மேல்வீட்டுப் பொலிக்ஸேனி வந்து
பட்டியலை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
"அங்கே என் நாத்தனாரும் அறை வாடகைக்கு விடுகிறாள்.
போன மாதம்தான் கேட்டாள்,
உங்கள் தீவில் அமைதியாக ஓர் அறை கிடைக்குமா என்று."
அதை நாங்கள் திட்டத்தில் சேர்க்கவில்லை.

செவ்வாய் மாலை வடக்கே காற்று புரண்டது.
இங்கே காற்றுக்கு எண் உண்டு,
காய்ச்சல் சொல்வதுபோல் சொல்வோம்.
விளக்கேற்றும்போது ஐந்து. படுக்கும்போது ஏழு.
விடியலில் துறைமுக அலுவலகத்துப் பையன்
தூக்கம் கலையாமல் தொலைபேசியில் சொன்னான்:
எட்டு.
படகு இல்லை.

ஒரே ஒரு பை.
அதைப் பிரிக்க எனக்கும் மனமில்லை, அவனுக்கும் இல்லை.
தலையைக் குனிந்து, காற்றைத் தோளால் தள்ளி
முற்றத்தைக் கடந்தோம்,
மூன்றாம் எண் அறைக்கு.
வாசல்வரை போய்விட்டு
சாவிக்கொத்துக்காகத் திரும்பி ஓடினேன்.

நான் வெளுத்த விரிப்பு. நான் மடித்த மூலைகள்.
படுத்துப் பார்த்ததில்லை ஒருநாளும்.
படுத்தால்தான் தெரிகிறது
விளக்கின் பொத்தான் கைக்கு எட்டாது என்று.
லியோனிலிருந்து வந்த கண்ணாடிக்காரி
இரண்டு கோடை சொன்னாள்;
இரண்டு கோடையும் தலையாட்டினேன்.
ஜன்னலில் பாதிதான் கடல்,
மீதி எங்கள் தண்ணீர்த் தொட்டி.
'கடல் தெரியும் அறை' என்று பலகை எழுதியவன்
என் பக்கத்தில் கால் நீட்டிக் கிடக்கிறான்.

நள்ளிரவில் குழாய் ஆரம்பித்தது.
ஒரு சொட்டு. கொஞ்சம் யோசித்து,
இன்னொரு சொட்டு.
ஸ்திராதிஸின் கால் இருட்டில் செருப்பைத் தேடியது,
கை இல்லாத ஸ்பானரை.
தோளைப் பிடித்து அழுத்தினேன்.
"விடு.
காலையில் வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொள்ளலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அவள் ஒரு மாதிரி" என்றான் பிறகு.
"தலையாட்டுவாள். செய்ய மாட்டாள்."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.
தண்ணீருக்கு அந்தக் குழாய்க்கே போக வேண்டியிருந்தது.

நான் எழுந்தபோது ஒன்பதே கால்.
தட்டில் முட்டை, உப்பு, பாதி தக்காளி.
எப்படி வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.
காற்று ஆறுக்கு இறங்கியிருந்தது.
சனிக்கிழமை இன்னொரு படகு உண்டு.
பை கதவோரமே நிற்கிறது,
நீச்சலுடை மட்டும் வெளியே.